தடுப்பாள் என்று நம்பிப் பார்க்கப் போன டிராக்டர்

புல்வெட்டும் வண்டியின் பின்சக்கரங்கள் இரண்டும் செப்டிக் டேங்குக்குள் இறங்கியபோது, பூமி பிளந்து தன்னை விழுங்குகிறது என்றுதான் ஆர்லன் ஹாகன் முதலில் நினைத்தார். எழுபது வயதில் அதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் விழுங்க வரும் பூமிக்கு இப்படி ஒரு வாய்நாற்றம் இருக்கும் என்று சர்ச்சில் யாரும் அவரை எச்சரித்திருக்கவில்லை.

குற்றவாளியைத் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. டேங்கின் சிமெண்டு மூடி விரிசல் விட்டு இரண்டு வருஷம் இருக்கும். அன்றைக்கு அதன்மேல் ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு, மண்ணைத் தள்ளி, புல்லையும் பதித்து, "இப்போதைக்கு இது போதும்" என்று கையைத் தட்டிக்கொண்டு போனவர் சாட்சாத் ஆர்லன்தான். எங்கள் விஸ்கான்சின் பக்கத்தில் 'இப்போதைக்கு' என்று கட்டிய மாட்டுக்கொட்டகைகள் நூறு வருஷமாக நிற்கின்றன. ஆர்லன் கைவைத்தது என்பதால் இது இவ்வளவு சீக்கிரம் போய்விட்டது.

வண்டி பின்பக்கத்தைப் புதைத்துக்கொண்டு, முகத்தை வானத்துக்குத் தூக்கி, ஜெபம் செய்வது போல நின்றது. ஆர்லன் அதன் முதுகின்மேல் ஏறி, மூக்கு வழியாக இறங்கி, புல்தரையில் நாலு காலில் வந்து சேர்ந்தார். முழங்கால்கள் இரண்டும் இதற்குத் தனியாகக் கணக்குத் தீர்க்கும் என்பது அப்போதே தெரிந்தது.

பின்வாசலில் லவோன் வந்து நின்றாள். கையில் பாத்திரம் துடைக்கும் துணி.

"அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல."

அவள் வண்டியைப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள். புருஷனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"பேண்ட்ட அங்கயே கழட்டிப் போட்டுட்டு உள்ள வா," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மதியம் பக்கத்துப் பண்ணைக்காரர் டுவேன் தன் மண் அள்ளும் லோடரைக் கொண்டுவந்து சங்கிலி போட்டு வண்டியை இழுத்தார். வெளியே வந்ததும் இருவரும் காற்று வரும் திசைக்குப் போய் நின்றுகொண்டார்கள்.

"இதவிட மோசமா ஆகியிருக்கலாம்," என்றார் டுவேன். எங்கள் பக்கத்தில் இதுதான் ஆறுதல் வார்த்தை. வீடு எரிந்தாலும் இதைத்தான் சொல்வார்கள்.

"எப்படி?"

டுவேன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டு நேர்மையாக யோசித்தார். "முன்சக்கரமும் போயிருக்கலாம்."

வண்டி அதற்குப் பிறகு ஓடவில்லை. ஓடியிருந்தாலும் அதன்மேல் உட்கார ஆள் கிடைத்திருக்காது.

புல்லுக்கு இந்தத் துக்கமெல்லாம் கிடையாது. ஜூன் மாத மழை, அஞ்சு ஏக்கர். ஒரு காலத்தில் அது லவோனின் அப்பாவுடைய பால்பண்ணை. வயல்களை விற்றாயிற்று, இப்போது அங்கே வேறு யாரோ சோளம் போடுகிறார்கள். கொட்டகை சரிந்து, அள்ளிக் கொட்டி, அந்த இடமும் புல்லாகிவிட்டது. மிச்சம் இருப்பது வீடும், வீட்டைச் சுற்றி இந்தப் பச்சைக் கடலும்தான். பக்கத்து ரோட்டில் போகிறவர்கள் ஒரு வீட்டின் புல்லைப் பார்த்தே உள்ளே இருப்பவர்களின் உடல்நிலை, மனநிலை, கடன்நிலை எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். கணுக்காலுக்கு மேல் வளர்ந்தால் விவாகரத்து. முழங்காலுக்கு வந்தால் சாவு.

கணுக்காலைத் தாண்டிய ஒரு நாள் காலை, டுவேன் கேட்காமலே தன் பெரிய வண்டியில் வந்து முழுவதையும் அறுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்தார். இதற்கு நன்றி சொல்லக்கூடாது, சொன்னால் அவருக்குச் சங்கடம். வேண்டாம் என்றும் சொல்லக்கூடாது, சொன்னால் நமக்குத் திமிர். செய்யக்கூடியது ஒன்றுதான்: ஏதாவது சுட்டுத் தட்டில் வைத்து அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். லவோன் சுட்டாள், ஆர்லன் கொண்டுபோய் வைத்தார். டுவேனின் பெல்ட் ஒரு ஓட்டை தள்ளிப் போனது.

வெளியே அப்படி அவமானப்பட்டுக்கொண்டிருந்த ஆர்லனுக்கு உள்ளே நடந்தது வேறு. முதல் தடவை டுவேன் அறுத்தபோது ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார். இரண்டாம் தடவை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் தடவை பார்க்கவே இல்லை, தூங்கிவிட்டார். எழுந்தபோது உடம்பில் ஏதோ குறைந்திருந்தது. என்னவென்று கொஞ்ச நேரம் புரியவில்லை. வலி. முழங்கால் வலிக்கவில்லை. முதுகு வலிக்கவில்லை. புல் அறுக்கிற சனிக்கிழமை சாயங்காலம் தன் உடம்பு இப்படியும் இருக்கும் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

அப்போதுதான் அவருக்குத் தன்னைப் பற்றித் தெரிந்தது: அவர் களைத்துப் போயிருக்கிறார். ஒரு நாள் களைப்பு இல்லை. வாழ்நாள் பூராவும் அதிகாலையில் எழுந்து, பண்ணை பண்ணையாகப் பால் டேங்கர் ஓட்டி, அது முடிந்த பிறகு கோடையில் புல், குளிர்காலத்தில் பனி, நடுவில் இலை என்று அள்ளி அள்ளி, எலும்புக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்ட களைப்பு. டவுனில், கிளினிக்குக்குப் பக்கத்தில், வயதானவர்களுக்கென்று வரிசையாகச் சின்ன வீடுகள் கட்டியிருக்கிறார்கள். ஒரே தளம். படி கிடையாது. அதில் ஒன்றில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். இதுதான் ஆர்லனுக்கு வேண்டியிருந்தது. வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இதை லவோனிடம் சொன்னால் முடிந்தது. ஆனால் எப்படிச் சொல்வது? வீடு அவள் அப்பாவின் வீடு. அவள் பிறந்த அறையில்தான் இப்போது தையல் மிஷின் இருக்கிறது. மாப்பிள்ளையாக வந்து குடியேறியவன், அதை விற்கலாம் என்று எந்த வாயால் சொல்வது? தவிரவும், எனக்கு இது வேண்டும் என்று நேராகக் கேட்பது எங்கள் பக்கத்தில் பழக்கம் இல்லை. எதிராளி அதைத் தானே கண்டுபிடித்து, தன் யோசனை போலச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நாம் கொஞ்சம் மறுக்க வேண்டும்.

அதனால் ஆர்லன் ஒரு தந்திரம் செய்தார். பால் டேங்கரைத் தவிர வேறு எதையும் திருப்பத் தெரியாத மனிதர் செய்யும் தந்திரம் எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

"நான் யோசிச்சேன்," என்றார் இரவுச் சாப்பாட்டின்போது. "டுவேன எத்தன நாளைக்குத்தான் தொந்தரவு பண்றது. ஒரு சின்ன டிராக்டரா பாத்து வாங்கிடலாம். வயித்துக்கு அடியில அறுப்புத் தட்டு மாட்டினதா. செகண்ட் ஹேண்ட்லயே வாங்கினா கூட நல்லா உழைக்கும்."

உழைக்கும் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். 'நம்ம வயசுல டிராக்டரா? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? பேசாம டவுனுக்குப் போயிடுவோம்' என்று அவள் சொல்ல வேண்டிய இடம் அது. சொல்வதற்கு வசதியாக உருளைக்கிழங்கைக் கூட மெல்லாமல் வைத்திருந்தார்.

"உன் இஷ்டம்," என்றாள் லவோன்.

"விலை வேற அதிகமா இருக்கும்."

"இருக்கத்தான் செய்யும்."

"எடம் வேற அடைக்கும், ஷெட்ல."

"ஷெட்டு காலியாத்தான இருக்கு."

உருளைக்கிழங்கை விழுங்கினார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் லவோனே செல்போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். ஆரஞ்சு நிறச் சின்ன டிராக்டர், டீசல், அறுப்புத் தட்டுடன். விற்பவர் மேவிஸ் லட்கி. கணவர் போன வருஷம் தவறிவிட்டார். அரை மணி நேர வழி.

"பாத்துட்டு வரலாமே," என்றாள். "பாக்கறதுக்கு என்ன காசா."

ஆர்லன் அவள் முகத்தைப் படித்துப் பார்த்தார். நாற்பத்தஞ்சு வருஷமாகப் படிக்கிற முகம். இன்னும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. ஒருவேளை இவள் மனதிலும் டவுன்தானோ, நான்தான் டிராக்டருக்கு ஆசைப்படுகிறேன் என்று நினைத்து விட்டுக்கொடுக்கிறாளோ என்று ஒரு நப்பாசை. அங்கே போய், வண்டியை நேரில் பார்த்ததும் தடுத்துவிடுவாள். பொம்பளைகள் கடைசி நிமிஷத்தில்தான் தடுப்பார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு டுவேனிடம் ட்ரெய்லரை இரவல் கேட்டார். ட்ரெய்லர் இல்லாமல் போனால் வாங்குகிற எண்ணம் இல்லை என்று தெரிந்துவிடுமே.

"வாங்கப் போறீங்களா?" என்றார் டுவேன்.

"சும்மா பாக்கத்தான்."

"ட்ரெய்லரோட?"

"பாக்கறதுன்னா முழுசாப் பாக்கணும்ல."

மேவிஸ் லட்கி வாசலிலேயே நின்றிருந்தார். மெலிந்த, நேராக நிற்கிற பெண்மணி. கணவருடைய கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு கையை மடித்து விட்டிருந்தார். முதலில் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு சோளத்தைப் பற்றி. பிறகு மறுபடியும் மழை. மூவருக்கும் டிராக்டர் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. பத்தடி தூரத்தில், வெயிலில், கழுவித் துடைத்து, பெண் பார்க்க வந்த இடத்தில் உட்கார்த்தி வைத்தது போல. அதை நேராகப் பார்ப்பது மரியாதை இல்லை.

"அது பெருசா ஒண்ணும் இல்லங்க," என்றார் மேவிஸ் கடைசியில். "பழைய வண்டி."

"எங்க பழசு? ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க."

"என்னத்த நல்லா வச்சேன். தண்ணி ஊத்திக் கழுவினேன். கீழ எண்ணெய் கொஞ்சம் கசியும்."

"கசிஞ்சா நல்லதுதாங்க," என்று ஆர்லன் சொல்வது அவர் காதிலேயே விழுந்தது. "உள்ள எண்ணெய் இருக்குன்னு தெரியும்ல."

எங்கள் பக்கத்து வியாபாரம் இப்படித்தான். விற்பவர் தன் பொருளைத் திட்ட வேண்டும். வாங்குபவர் அதைத் தூக்கிப் பேச வேண்டும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் இருவரும் இடம் மாறி நிற்கிறார்கள் என்று நினைப்பார்கள். உண்மை நடுவில் கேட்பாரற்றுக் கிடக்கும். எண்ணெய் கசிகிறது என்றால் கசிகிறதா, அடக்கமா என்று சொந்தக்காரருக்கே சில சமயம் மறந்துவிடும்.

ஆனால் ஆர்லனுக்கு இன்றைக்கு ஒரு நிஜக் குறை வேண்டும். லவோன் பார்த்து முகம் சுளிக்கிற மாதிரி ஒன்று. என்ஜின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தார். பழைய டீசல் வண்டி வாங்கப் போகிற எவனும் முதலில் செய்வது அதைத்தான். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் அது முரண்டு பிடிக்கிறதா என்று தெரியும். மூடி கதகதப்பாக இருந்தது. ஆள் வருவதற்கு முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்.

எதற்கு முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணினீர்கள் என்று கேட்கலாம். கேட்டால் பொய்க்காரி என்று சொன்னதாக அர்த்தம்.

"வெயில்ல நல்லா சூடாயிருக்கு," என்றார்.

"ஆமாங்க, ஷெட்டுலேந்து நகத்தி வச்சேன்," என்றார் மேவிஸ். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் டயரைப் பார்த்தார்கள்.

லவோன் வண்டியைச் சுற்றி வந்தாள். குனிந்து அறுப்புத் தட்டைப் பார்த்தாள். விரலால் டயரை அழுத்தினாள். ஆர்லன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டிப் பாருங்களேன்," என்றார் மேவிஸ்.

ஏறுவதற்குள் வலது முழங்கால் தன் கருத்தைச் சொல்லிவிட்டது. இந்த ரக வண்டியில் கியர் மாற்றுகிற வேலை இல்லை. ஒரே மிதி, நுனிக்காலால் அழுத்தினால் முன்னே போகும், குதிகாலால் அழுத்தினால் பின்னே வரும். சின்னப் பிள்ளை கூட ஓட்டும் என்பார்கள். சின்னப் பிள்ளைக்குக் கணுக்கால் வளையும். ஆர்லன் முன்னே போக நினைத்துப் பின்னே வந்தார். மேவிஸின் துணி உலர்த்தும் கம்பத்தை ஒரு முழம் இடைவெளியில் நலம் விசாரித்துவிட்டு முன்னே போனார். அறுப்புத் தட்டின் பிளேடுகளைச் சுழலவிட்டார். முழங்கால் வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று இருக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பியதும் என்ஜின் சட்டென்று நின்றுவிட்டது. ஆள் விழுந்துவிட்டான் என்று வண்டி நினைத்துக்கொள்ளுமாம். பாதுகாப்பு ஏற்பாடு. மறுபடி ஸ்டார்ட் செய்தார். மறுபடி எழும்பினார். மறுபடி நின்றது. நாலாவது முறை தட்டைத் தாழ்வாக வைத்து, மேவிஸின் புல்லில் மண் தெரிய ஒரு பட்டை சிரைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ரொம்ப நல்லா ஓடுதுங்க," என்றார். வேறு என்ன சொல்வது?

"உங்களுக்குக் கை படிஞ்சிருக்கு," என்றார் மேவிஸ், சிரைத்த பட்டையைப் பார்க்காமல். "ஒரு வாய் காபி?"

"வேண்டாங்க, இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்."

"அரை கப்பு?"

"உங்களுக்கு எதுக்கு சிரமம்."

"போட்டே வச்சிருக்கேன்."

"அப்படீன்னா அரை கப்பு."

அரை கப் என்றால் விளிம்புவரை. கூடவே புளிப்பான ருபார்ப் தண்டு போட்ட கேக் துண்டுகள். சமையலறையில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டிகளில் இருந்தது.

"எங்கயாவது மாறிப் போறீங்களா?" என்றாள் லவோன். அந்த வீட்டுக்குள் வந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

"டவுனுக்குங்க. கிளினிக் பக்கத்துல புதுசா வீடு கட்டியிருக்காங்கல்ல, அந்த வரிசையில ஒண்ணு. பசங்க பாத்து முடிச்சிட்டாங்க."

ஆர்லன் கேக்கைக் கீழே வைத்தார். "அங்கயா?"

"ஆமா. எல்லாம் ஒரே தளம். புல்லுக்கு ஆள் வர்றான். பனி தள்றதும் அவனே."

"பனியுமா," என்றார் ஆர்லன். பசியோடு இருப்பவன் பந்தியை எட்டிப் பார்க்கிற குரல் அது. அவரே அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "காலைலயே வந்து தள்ளிடறானா? கூரையில ஐஸ் உறைஞ்சா அதுவும் அவங்க பொறுப்புதானா? குளிக்கற எடத்துல பிடிச்சுக்கக் கம்பி வச்சிருக்காங்களா?"

"வச்சிருக்காங்க. ரெண்டு பக்கமும்."

"ரெண்டு பக்கமும்," என்று அவர் லவோனிடம் திரும்பிச் சொன்னார், ஏதோ தான் போட்ட கம்பி மாதிரி.

லவோன் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அவள் காபியில் சர்க்கரையும் போடுவதில்லை, பாலும் ஊற்றுவதில்லை. கலக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் கலக்கினாள்.

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா, மேவிஸ்?" என்று கேட்டாள்.

"குறை ஒண்ணும் சொல்றதுக்கில்ல," என்றார் மேவிஸ். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "அமைதியா இருக்கும்னு சொல்றாங்க. எனக்கு இங்கயும் அமைதியாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் காபி விடட்டுமா?"

ஆர்லன் இரண்டு கையாலும் தொடையைத் தட்டி, "சரி, அப்போ," என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு அர்த்தம் கிளம்பலாம் என்று. கிளம்புவதற்கு அதன்பிறகு இன்னும் அரை மணி ஆகும். கேக்கில் மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டுக்கொடுத்தார் மேவிஸ். வாசற்படியில் நின்று மழையைப் பற்றி விட்ட இடத்திலிருந்து பேசினார்கள். முற்றத்தில் இறங்கி மேவிஸின் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். அதற்குப் பிறகு பேச எதுவும் மிச்சம் இல்லாமல், டிராக்டர் மட்டும் இருந்தது.

"விலையில இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கிறேங்க," என்றார் மேவிஸ். "எண்ணெய் கசியுதே."

"அதெல்லாம் வேண்டாங்க, நீங்க கேட்ட விலையே ரொம்பக் குறைச்சல்," என்றது ஆர்லனின் வாய். எந்தக் கட்டுப்பாடும் இல்லாத வாய். செக் புத்தகம் மேல்சட்டைப் பையில் நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது. ட்ரெய்லர் பின்கதவைத் திறந்து, படுத்த நாய் மாதிரி, ஏறட்டுமா என்று காத்திருந்தது. கடைசி நிமிஷம் இதுதான். அவர் மனைவியைப் பார்த்தார்.

"லவோன், நீ என்ன சொல்ற?"

"உனக்குப் பிடிச்சிருந்தா சரி."

"எனக்குப் பிடிக்கறது இருக்கட்டும். உனக்கு?"

"நான் சொல்ல என்ன இருக்கு."

"நெறைய வேல வாங்கும் இது. வருஷா வருஷம் பிளேடு தீட்டணும். பெல்ட்டு மாத்தணும். இன்னும் பத்து வருஷம் ஓடும்போல இருக்கு, சனியன்." கடைசி வாக்கியத்தைக் கேட்டு மேவிஸ் பெருமையா வருத்தமா என்று தெரியாமல் தலையாட்டினார்.

ஆர்லன் பேனாவை எடுத்தார். பேனாவின் மூடியைத் திறப்பதற்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட மனிதனை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பத்து வருஷம் என்று சொன்ன வார்த்தை தன் தோள்மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. பத்துக் கோடைக்காலத்துப் புல். இந்தப் பெண்மணி தன் டவுன் வீட்டில் இரண்டு பக்கமும் கம்பி பிடித்துக் குளித்துக்கொண்டிருப்பார். அவர் புருஷனுடைய டிராக்டர்மேல் நான் உட்கார்ந்து, எழும்பி, நின்று, ஸ்டார்ட் செய்து, எழும்பி. டிராக்டரை வாங்க ஆசைப்பட்டு ஏமாந்தவர்கள் உண்டு. ஆசைப்படாமலே, மரியாதைக்காக ஒரு டிராக்டரை வாங்கி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்.

"மேவிஸ்," என்றாள் லவோன். "நான் ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாமா?"

"தாராளமா."

அவள் கைப்பையை ஆர்லனிடம் கொடுத்தாள். இடது காலை வைத்து, ஒரு எம்பில் ஏறி உட்கார்ந்தாள். தட்டின் உயரத்தைப் பார்த்து இரண்டு படி ஏற்றினாள். ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிஷம் என்ஜினை அப்படியே ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு புறப்பட்டாள்.

அவள் அப்பாவின் வயலில் டிராக்டர் ஓட்டி வைக்கோல் வண்டி இழுத்தவள் என்பது ஆர்லனுக்குத் தெரியாதது இல்லை. பெண்டாட்டியின் ரத்தம் எந்தப் பிரிவு என்று தெரிந்திருப்பது போல, எங்கோ தெரிந்திருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து புல் அவருடைய வேலை, காபியும் கேக்கும் அவளுடைய வேலை. யார் பிரித்தார்கள் என்று கேட்டால் சொல்ல முடியாது. அவளைச் சிரமப்படுத்தக்கூடாது என்று அவர் நினைத்தார். அவள் என்ன நினைத்தாள் என்று கேட்டதில்லை.

மேவிஸின் புல்தரை நீளமாக, கடைசியில் ஒரு வேலியில் போய் முடிகிறது. லவோன் அதுவரை நேராகப் போனாள். திரும்பும்போது ஒரு கையால் ஸ்டியரிங்கை வளைத்து, கழுத்தை மட்டும் பின்னால் திருப்பி, அறுத்த பட்டையின் ஓரத்தில் சக்கரத்தை வைத்தாள். கோடு போட்டது போல வந்தது. அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட ஆர்லன் பொறுத்துக்கொண்டிருப்பார். முகம் தளர்ந்து, எதையும் யாருக்காகவும் பிடித்து வைத்துக்கொள்ளாமல் இருந்தது. தையல் மிஷின் அறையில், தான் தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது அவளுக்கு அப்படி ஒரு முகம் உண்டு.

"நல்லா ஓட்டறாங்க," என்றார் மேவிஸ்.

"ஆமா," என்றார் ஆர்லன். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு உட்கார வேண்டும் போல இருந்தது.

லவோன் வந்து என்ஜினை நிறுத்தினாள். அந்த இடமே ஒரு கணம் காது கேட்காதது போல ஆயிற்று. அவள் இறங்கவில்லை. ஸ்டியரிங்கின்மேல் கைகளை வைத்தபடி இருந்தாள். வெட்டிய புல்லின் வாசனை.

இந்த மனிதர் இதுவரை எதையும் நேராகக் கேட்டதில்லை. பெண் கேட்டபோதுகூட, "இந்தச் சனிக்கிழமை சர்ச்சு காலியாத்தான் இருக்காம்," என்றுதான் ஆரம்பித்தார். இப்போது மூன்றாம் மனுஷி நிற்கும்போது, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது. தந்திரம் செய்யக்கூட உடம்பில் தெம்பு இல்லாததுதான் காரணம்.

"எனக்கு முடியல, லவோன்," என்றார். "டிராக்டர் எனக்கு வேண்டாம். நீ வேண்டாம்னு சொல்லுவேன்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன். இவங்க போற மாதிரி நாமளும் டவுனுக்குப் போயிடலாமா? உனக்கு என்ன வேணும், சொல்லு. உன் இஷ்டம்னு மட்டும் சொல்லாத."

மேவிஸுக்குத் துணி உலர்த்தும் கம்பத்தில் அவசரமாக ஏதோ வேலை வந்துவிட்டது. கம்பத்தில் துணி ஒன்றும் இல்லை.

லவோன் அவரைப் பார்த்தாள். வழக்கம்போல ஜன்னலையோ, கோப்பையையோ, கையில் இருக்கிற துணியையோ பார்க்காமல், நேராக.

"இல்ல, நான் வரல," என்றாள். "நீ களைச்சுப் போயிட்டேன்னு எனக்குத் தெரியும், ஆர்லன். டுவேன் அறுக்கும்போது நீ தூங்கினியே, அன்னைக்கே தெரியும். வாயத் தொறந்து சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன், நீ ட்ரெய்லர மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்ட. குளிக்கற எடத்துல கம்பி வேணும்னா நம்ம வீட்லயே போட்டுக்கலாம். ரெண்டு பக்கமும் போட்டுக்கலாம். இந்த வண்டிய வாங்கு. புல்ல இனிமே நான் அறுக்கறேன், எனக்கு அது பிடிச்சிருக்கு. நீ நாற்காலியப் போட்டுக்கிட்டு உக்காரு, தூக்கம் வந்தா தூங்கு, ஒருத்தரும் உன்னைக் கேக்க மாட்டாங்க. ஆனா அந்த வீட்ட விட்டு நான் வரமாட்டேன்."